பேசாத பெஞ்சு

மார்ச் 4, செவ்வாய்

மழையில் சன்னல் கதவு உப்பிக்கொண்டு, காலையில் திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. நான் உள்ளேயிருந்து தள்ள, லாரி வெளியேயிருந்து இழுக்க, ஒருவழியாகக் கதவு வந்தது. கைப்பிடி அவர் கையோடு போயிற்று. "இதையும் நான் ஒடைச்சதுல சேத்துக்குங்க சிஸ்டர்," என்றார். ஆயுள் முழுக்க லாரி ஓட்டிய மனிதர், அதனால் பெஞ்சில் எல்லாருக்கும் அவர் லாரி.

பயிற்சிக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண்ணுக்கு இன்று முதல் நாள். கொஞ்ச நேரம் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றவள் என் காதில் கேட்டாள்: "சிஸ்டர், எல்லாரும் ஏன் இவ்ளோ கோவமா இருக்காங்க?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபமில்லை, மாத்திரை! போதை ஊசிக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையானவர்களை மறுபடி அந்தப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை. மாநில அரசு இலவசமாகக் கொடுப்பது. பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பேன். கரைகிறவரை வாய் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, விழுங்கக் கூடாது, விழுங்கினால் வீண். அதனால்தான் சன்னலுக்கு எதிரே நீளப் பெஞ்சில் வரிசையாக வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. தினமும் வந்து எங்கள் கண்முன்னால்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய எக்ஸ்ரே அறை, கனத்த சுவர். கைபேசிகூட எடுக்காது. இவ்வளவு அமைதியான இடம் இந்த மருத்துவமனையில் வேறெங்கும் இல்லை. பிணவறையில்கூட ரேடியோ பாடுகிறது.

தம்பியும் அந்தப் பெஞ்சில்தான். அவன் மாத்திரையை மட்டும் நான் தொடுவதில்லை. டாக்டரம்மா எழுந்து வந்து தன் கையால் வைப்பார். உடன்பிறந்தவனுக்கு அக்கா கையால் மருந்து வேண்டாம் என்பது அவர் போட்ட சட்டம். நல்ல சட்டம். என் கை கொஞ்சம் தாராளமாகப் போனாலும் போகும்.

மார்ச் 6, வியாழன்

சாயங்காலம் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். மேஸ்திரி பெரிய குடியிருப்பு ஒன்றில் தரை வேலை எடுத்திருக்கிறாராம். ஒரு வருஷத்துக்குக் குறையாத வேலை. ஆனால் காலை ஏழு மணிக்கு ஆள் நிற்க வேண்டும். என் சன்னல் திறப்பதே ஒன்பதுக்கு. மாத்திரை போட்டு, கரைந்து, பேருந்து பிடித்து இவன் போய்ச் சேரும்போது மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்து இரண்டாவது அறைக்குப் போயிருப்பார்கள்.

"மேஸ்திரி தப்பா ஒண்ணும் சொல்லலக்கா. 'அரை நாள் ஆளுக்கு முழு வீட்ட எப்படிப்பா குடுக்கறது'ன்னாரு. நியாயந்தான."

நியாயம்தான். அதனால்தான் வயிறு எரிகிறது. இவன் குளியலறையில் தரை போட்டால் தண்ணீர் வழி கேட்காமல் போகும், அப்படிப்பட்ட கை. முட்டி போட்டுப் போட்டே முட்டி போனது, முட்டிவலிக்குத் தின்ற மாத்திரைதான் அவனைத் தின்றது. வேலை போய், பொய் வந்து, பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், இவன் எங்கள் முன்னறையில் மடக்குக் கட்டிலுக்கு வந்து சேர்ந்தான். இப்போது அந்த மாத்திரையை விட்டுவிட்டான். விட வைத்த மாத்திரையே காலில் கட்டிய கயிறாகிவிட்டது. முழு வேலை கிடைத்தால்தானே தனி வீடு, தனி வீடு கிடைத்தால்தானே அவளும் குழந்தையும்?

என் வீட்டுக்காரர் "சாப்பிட்டுட்டு யோசிங்க ரெண்டு பேரும்" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பாதி நேரம் பலிக்கவும் செய்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஒரு சுற்றறிக்கை! மாநில அரசு கொள்கையை மாற்றுகிறது. நிலையாக இருக்கிறவர்களுக்கு ஒரு வாரத்து மாத்திரையை வீட்டுக்கே கொடுத்துவிடலாமாம். முதலில் சில மையங்களில் மட்டும் நடத்திப் பார்ப்பார்கள். தலைமையகத்திலிருந்து இணை இயக்குநர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பார். டாக்டரம்மா உரக்க வாசித்தார். பெஞ்சில் யாரும் பேச முடியாத நேரம். லாரி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். தம்பி என்னைப் பார்த்தான். நான் வேலையாக இருக்கிற மாதிரி குனிந்துகொண்டேன், கண் கலங்கிவிட்டது.

கூடவே விழிப்புணர்வுச் சுவரொட்டிக் கட்டு ஒன்றும் வந்தது. மண்டையோடு, ஊசி, பின்னால் சுடுகாடு. லாரி மாத்திரை கரைந்ததும் எழுந்து போய் மண்டையோட்டை உற்றுப் பார்த்தார். "நம்ம படம் நல்லா வந்திருக்கு. தலை சீவாமப் போயி நின்னுட்டேன்." டாக்டரம்மா எல்லாவற்றையும் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் 'குடிநீர் இங்கே' என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

நாளைக்கு அதிகாரி. மேசை துடைத்து, தரை கழுவி, மின்விசிறிக்கும் குளியல். பெஞ்சுக்குத் தனியாக ஒரு பாட்டு விட்டேன்: "நாளைக்குப் பெரியவர் வர்றாரு. மாத்திரை வாயில இருக்கும்போது யாராச்சும் வாயத் தொறந்தீங்க, தொலைச்சிடுவேன். யாரு கேட்டாலும் சரி, வானமே இடிஞ்சாலும் சரி."

புரொபசர் "சரிங்க சிஸ்டர்" என்று சலாம் வைத்தார். பழைய பேப்பரைக்கூட விடாமல் வாசிப்பவர், அதனால் புரொபசர். மற்றபடி தையல்காரர்.

மார்ச் 19, புதன்

அதிகாரி வந்தார், போனார். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். டாக்டரம்மா வார்டில், நான் பின்னால் மருந்து இருப்பறையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மைய ஆலோசகருக்கு இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் போதை எதிர்ப்பு உறுதிமொழிக் கூட்டம். அதிகாரி நேராகப் பெஞ்சுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். நான் ஓடி வந்தபோது டாக்டரம்மா அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர். அதிகம் பேசவில்லை.

போனதும் பெஞ்சு முழுக்கப் பெருமை. "என்னென்னவோ கேட்டாரு சிஸ்டர். ஒருத்தன்? வாயத் தொறக்கணுமே!" என்றார் லாரி. எல்லாருக்கும் என் செலவில் பிஸ்கட்.

ஏப்ரல் 9, புதன்

எங்கள் மையம் இல்லை. பட்டியலில் இல்லை.

காரணம் எழுதியிருக்கிறார்கள். டாக்டரம்மா என்னிடம் நீட்டினார். 'நோயாளிகள் மயக்க நிலையில் காணப்பட்டனர். பெயர், வேலை போன்ற எளிய கேள்விகளுக்கும் பதிலளிக்க இயலவில்லை. மருந்தின் அளவு கூடுதலாக இருக்கலாம்.'

ஐயோ! ஐயோ, இதை எங்கே போய்ச் சொல்வது? வாயைத் திறக்காதே என்று மிரட்டியது நான். பிஸ்கட் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

பெஞ்சில் சொன்னதும் அப்படி ஒரு கூச்சல், எக்ஸ்ரே அறையின் கனத்த சுவரே அதிர்ந்திருக்கும். லாரி பாதி மாத்திரையைத் துப்பிவிட்டார். "மயக்கமா? என்னயா? நான் அந்தாளு செருப்புல பின்னு போட்டுக் குத்தியிருந்ததக்கூடப் பாத்தேன் சிஸ்டர்! என்னயப் போயி மயக்கம்னு…" புரொபசர் தன்னிடம் கேட்ட கேள்வி, கேட்டபோது அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது, எல்லாவற்றையும் வரிசையாக ஒப்பித்தார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

தம்பி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தரையின் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி உன்னிடம் என்ன கேட்டார் என்று டாக்டரம்மா விசாரித்தார். "வேலைக்குப் போறியான்னு கேட்டாரு," என்றான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

தம்பி சாப்பிடாமலே போய் மடக்குக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கத்தினால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

சன்னல் மூடுகிற நேரம்வரை அவன் வரவில்லை. வீட்டிலிருந்து என்னோடுதான் கிளம்பினான், மருத்துவமனை வாசலில் "பல் வெளக்கற பிரஷ் வாங்கிட்டு வரேன்" என்றான். பிரஷ் வாங்க இவ்வளவு நேரமா? யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் மாத்திரை பொடித்தேன். பழைய இடத்துக்குப் போயிருப்பானோ? போயிருந்தால்? நான் போய்த் தேடுவதா, சன்னலை விட்டுவிட்டா? கடவுளே, இவ்வளவு தூரம் வந்து—

கதவைச் சாத்துகிற நேரத்தில் மூச்சிரைக்க வந்தான். மேஸ்திரியிடம் போயிருக்கிறான். "கொஞ்ச நாள் பொறுங்க, எனக்கு ஒரு வீட்ட மட்டும் கடைசில வச்சிருங்கன்னு கேட்டுட்டு வந்தேன்க்கா." அவர் சரி என்றாராம்.

"சொல்லிட்டுப் போனா என்னடா? பிரஷ்ஷாம் பிரஷ்!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக் காட்டினான். அதையும் வாங்கியிருக்கிறான், படுபாவி.

ஏப்ரல் 15, செவ்வாய்

டாக்டரம்மா இணை இயக்குநரிடம் தொலைபேசியில் பேசினார். யாருக்கும் மயக்கமில்லை என்பதை முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் கண்ணால பாத்தேன் டாக்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். டாக்டரம்மா வாதாடாமல் இன்னொரு முறை வந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார். "காலைல வாங்க. ஆனா மதியம் வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

வருகிறேன் என்றிருக்கிறார். நானாக இருந்தால் அதற்குள் நாலு வார்த்தை கேட்டு காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நடந்ததை விடாமல் எழுதிவிட வேண்டும்.

அதிகாரி வந்தார். அதே செருப்பு, குத்தியிருந்த பின்னைக் காணோம், தைத்துவிட்டிருக்கிறார். நான் பெஞ்சுக்கு இந்த முறை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே வாயை மூடிக்கொள்வது என்று முடிவு. டாக்டரம்மா அவரைச் சன்னலுக்கு உள்பக்கம் என்னருகில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். நான் பொடிப்பது, நாக்கைத் தூக்கச் சொல்வது, வைப்பது, எல்லாம் பார்த்தார். லாரி வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். புரொபசர். மற்றவர்கள். கடைசியில் தம்பி. அதிகாரி பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மெதுவாக மாறியது.

முதலில் லாரிக்குக் கரைந்தது. எழுந்தார், வாய் கொப்பளித்தார், நேராகச் சன்னலுக்கு வந்து கை கட்டி நின்றார்.

"வணக்கம் சார். போன தடவை நீங்க ஒண்ணு கேட்டீங்க, எவ்ளோ நாளா இங்க வர்றீங்கன்னு. பதில் சொல்லாமப் போனது மனசுல கிடக்கு. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். ஒரு நாள் விடல. பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் இங்க வந்து வாய மூடிட்டு ஒக்காந்துட்டுதான் மண்டபத்துக்குப் போனேன்."

பின்னாலேயே புரொபசர். "எங்கிட்ட மாத்திரை ஒத்துக்குதான்னு கேட்டீங்க சார். ஒத்துக்குது. மலச்சிக்கல் மட்டும் இருக்கு. அதை எழுதிக்கிட்டா நல்லது." பயிற்சிப் பெண் இருப்பறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் சொல்லிவைத்து வரவில்லை, சத்தியமாக. அவரவர் கேள்வியை அவரவர் ஒரு மாதமாகச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும், "எங்கிட்ட நீங்க ஒண்ணும் கேக்கல சார், இருந்தாலும் நல்லாருக்கேன்," என்றார்.

தம்பி கடைசியில் வந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"வேலைக்குப் போறியான்னு கேட்டீங்க சார். அரை வேலைக்குப் போறேன். முழு வேலை காத்துட்டிருக்கு. இங்க வர்றது எனக்குப் பாரம் இல்ல. ஆனா இந்தச் சன்னல் தொறக்கறதும் அங்க வேலை ஆரம்பிக்கறதும் ஒத்து வரல. ஒரு வாரத்து மாத்திரைய எங்கிட்ட நம்பிக் குடுத்தீங்கன்னா நான் முழு ஆளாயிடுவேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பு என்மேலதான். கேள்வியக் கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நிக்காமப் போயிட்டேன்," என்றார். எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மதியம் வரை இருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மே 8, வியாழன்

கிடைத்துவிட்டது! இரண்டாம் பட்டியலில் நாங்கள். ஜூன் முதல் வாரத்திலிருந்து.

விதிமுறையும் வந்தது. நோயாளி வீட்டில் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். மாத்திரையைப் பூட்டி வைத்து, தினமும் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த வாரத்துக்கு.

நான் இருக்கிறேனே என்று நினைத்தபடியே அடுத்த வரிக்குப் போனேன். 'மைய ஊழியரோ, ஊழியரின் வீட்டில் வசிப்பவரோ பொறுப்பாளராக இருக்கக் கூடாது. மருந்து ஊழியரின் வீட்டில் இருக்கக் கூடாது.'

என்னை நினைத்தே எழுதிய மாதிரி இருக்கிறது.

மே 9, வெள்ளி

நான் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி ஒருத்திதான் மிச்சம்.

எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் போய்க் காலில் விழவும் தயார்தான். தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்: "அக்கா, நீ மட்டும் போயிடாத. நீ நல்லதுக்குப் பேசினாலும் சண்டையிலதான் முடியும்." வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதா?

மே 12, திங்கள்

ஆலோசகர் முறைப்படி அவளுக்குத் தொலைபேசியில் விளக்கினார். முடியாது என்றுவிட்டாள். "ஒரு தடவை காவல் காத்து அலுத்துட்டேன் சார். அவரோட பையைத் தேடறது, கண்ணைப் பாக்கறது, அந்தப் பொழப்பு மறுபடி வேணாம்."

கேட்டபோது ஆத்திரமாக வந்தது. இப்போது எழுதும்போது வரவில்லை. அவள் சொன்னதில் எந்த வார்த்தை தப்பு?

மே 16, வெள்ளி

இன்றும் நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. சாதனைதான்.

மே 21, புதன்

சன்னலில் குனிந்து பொடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணி" என்று குரல். நிமிர்ந்தால் அவள். தோளில் பை, புடவை மடிப்புக் கலையாமல். ஒரு நகலெடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம், விரல் நுனியெல்லாம் கறுப்பு மை.

"நேர்ல பாத்து சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். போன்ல சொன்னா மரியாதையா இருக்காது. முடியாதுங்கறதத்தான் சொல்ல வந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு பெஞ்சைக் காட்டினேன். டாக்டரம்மா அப்போதுதான் தம்பிக்கு மாத்திரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவன் இவளைப் பார்த்ததும் எழப் போனான். உட்காருங்க என்று கையால் சொன்னாள். புரொபசர் நகர்ந்து இடம் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேச முடியாதுல்ல?" என்றாள். அவன் தலையாட்டினான்.

"நல்லதாப் போச்சு. வாயத் தொறந்தா நீங்க நல்லாப் பேசுவீங்க. அதான் பிரச்சனையே. ஒவ்வொரு தடவையும் நான் ஆரம்பிப்பேன், நீங்க முடிச்சிடுவீங்க. சத்தியம் பண்ணுவீங்க, அழுவீங்க, கடைசில நான்தான் உங்களச் சமாதானப்படுத்துவேன். இன்னிக்கு நீங்க கேளுங்க."

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனவன் மறுநாள் வந்தது. அவள் பீரோ சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கியது. மாத்திரை தின்றதைவிட, 'தின்னலை' என்று சிரித்துக்கொண்டே சொன்ன முகத்தைத்தான் மறக்க முடியவில்லை என்றாள். அம்மா வீட்டில் ஒவ்வொரு வேளையும் தட்டு வைக்கும்போது அண்ணன் பெண்டாட்டி விடும் பெருமூச்சைச் சொன்னாள். கடையில் முதல் சம்பளம் வாங்கியதைச் சொன்னாள். சத்தம் போடவில்லை, வீட்டுச் செய்தி சொல்கிற மாதிரிதான். பெஞ்சில் யாருக்கும் எழுந்து போக முடியாது, காதைப் பொத்தவும் முடியாது. லாரி கூரையைப் பார்த்துக்கொண்டு கண்ணீர் விட்டார். நான் ஒரே மாத்திரையைத் திரும்பத் திரும்பப் பொடித்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவுக்குப் பல்லு விழுந்துருச்சு. அப்பாகிட்ட காட்டணும்னு ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கா. அது ஒண்ணுதான் அவ கேட்டது," என்று முடித்தாள்.

அவனுக்குக் கரைந்து முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் முடித்து, முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை திறக்கவில்லை. இப்போது சத்தியம் செய்வான், மன்னிப்புக் கேட்பான், எல்லாம் பாழ்.

"எந்தப் பல்லு?" என்று கேட்டான்.

அவள் அவனையே பார்த்தாள். "கீழ்ப்பல்லு. நடுவுல."

"வலிச்சுதா?"

"இல்ல. ஆப்பிள் கடிச்சா, வந்துருச்சு."

அவ்வளவுதான் பேசினார்கள். அவள் எழுந்து சன்னலுக்கு வந்தாள். "பெட்டி நீங்க குடுப்பீங்களா, நாங்க வாங்கணுமா?" எனக்கு முதலில் புரியவில்லை. "பூட்டற பெட்டி, அண்ணி. மாத்திரைக்கு." அரசே கொடுக்கிறது என்றேன். "சாவி எங்கிட்டதான் இருக்கும். அவர் பைய நான் தேட மாட்டேன், கண்ணப் பாக்க மாட்டேன். மாத்திரை குடுப்பேன், காலி அட்டையக் குடுத்தனுப்புவேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அவ்வளவு போதும் என்றேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை நான். இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

முன்னறைக் கட்டிலை மடக்கியாயிற்று. தம்பி குடும்பத்துக்கு, அவள் வேலை பார்க்கும் நகலெடுக்கும் கடைக்குப் பின்னால் ஒரு அறையும் சமையலறையும் வாடகைக்கு. தரை மோசம், தானே மாற்றிக்கொள்வதாக வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி வாடகையைக் குறைத்திருக்கிறான். குழந்தை ஓட்டைப்பல்லைக் காட்டிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். "அத்தே, இங்க என் செருப்புக்குத் தனி இடம்!"

திரும்பி வந்தால் எங்கள் முன்னறை மைதானம் மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இனி நான் இங்கதான்," என்கிறார். எனக்கு மட்டும் என்னவோ மாதிரி இருந்தது. சந்தோஷம்தான். சந்தோஷத்தோடு கூட என்னவோ.

ஜூன் 2, திங்கள்

முதல் வாரத்து அட்டையை டாக்டரம்மா கொடுத்தார். அவள் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நாளை முதல் ஏழு மணி வேலை. திங்கள் மட்டும் இங்கே அட்டையைக் காட்டிவிட்டுத் தாமதமாக வர மேஸ்திரி ஒத்துக்கொண்டாராம்.

ஜூன் 12, வியாழன்

காலை ஆறு மணிக்குப் போன். அவள் அழுகிறாள். "என்னம்மா, என்ன பண்ணினான்?" என்றேன்.

"அவர் ஒண்ணும் பண்ணல அண்ணி. சாவியக் காணோம்! நான்தான் தினமும் எடம் மாத்தி மாத்தி ஒளிச்சு வச்சேன். நேத்து எங்க வச்சேன்னு மறந்துருச்சு!"

பின்னால் தம்பியின் குரல், நிதானமாக: "அரிசி டப்பாவப் பாத்தியா? இல்லியா? சரி, பொறுமையா யோசி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." மாத்திரை இன்னும் போடவில்லை. உடம்பு முறுக்கத் தொடங்கியிருக்கும், மூக்கு ஒழுகியிருக்கும், எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. பூட்டை உடைக்கட்டுமா என்றுகூட அவன் கேட்கவில்லையாம். குழந்தைதான் கண்டுபிடித்தாள், குக்கர் மூடியின் கைப்பிடியில் மாட்டியிருந்தது. வேலைக்கு அரை மணி தாமதம். மேஸ்திரியிடம் உண்மையையே சொன்னானாம். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

இனி சாவியை வாசற்படி ஆணியில் எல்லார் கண்ணுக்கும் தெரியத் தொங்கவிடப் போகிறாளாம். டாக்டரம்மாவிடம் சொல்லலாமா? சொன்னேன். அவர் ஆணியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் அடிக்கச் சொல்லுங்கள் என்றார்.

ஜூன் 26, வியாழன்

லாரிக்கும் வீட்டு மாத்திரை தரலாம் என்றார் டாக்டரம்மா. பெண் வீட்டில் பொறுப்பேற்கத் தயார். இவர்தான் வேண்டாம் என்கிறார். "அங்க போனா நாள் முழுக்க டீவிதான் பேசும். இங்க யாரும் பேசலன்னாலும் ஆளுங்க இருக்காங்க." வற்புறுத்தவில்லை. திட்டம் என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டையா?

ஜூலை 14, திங்கள்

கைகழுவும் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. பொதுப்பணித்துறைக்குச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் புரொபசர் துணிக்கிழிசலைச் சுற்றி நிறுத்தினார்.

புதிதாக ஒரு பெண் வந்தாள், கல்லூரி மாணவி. அப்பா வெளியே ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னால் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பெஞ்சில் லாரி தன் ஓரத்து இடத்தை விட்டுக் கொடுத்தார், அவருக்கு அது பெரிய தியாகம். அவள் பக்கத்தில் உட்கார்ந்த புரொபசர் பழைய பேப்பரில் பாதியைக் கிழித்து அவளிடம் நீட்டினார். மாத்திரை கரைந்ததும் அவள் முதலில் கேட்டது, "நாளைக்கும் இதே நேரமா சிஸ்டர்?" ஆமாம் என்றேன். போய் அப்பாவிடம் சொன்னாள், அவர் தலைக்கவசத்தைக் கழற்றி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த வாரமாவது உள்ளே வருவார் என்று நினைக்கிறேன்.

ஆலோசகருக்கு மாற்றல் வரும்போல் இருக்கிறது. நல்ல பையன், போகக் கூடாது. வீட்டுக்காரர் முன்னறைக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கி வந்திருக்கிறார். கதவு வழியாக நுழையவில்லை, வராந்தாவில் கிடக்கிறது. அளந்து வாங்கக் கூடாதா என்றேன். சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்றார்.

விளக்கை அணைக்கப் போனவள் திரும்பி வந்து எழுதுகிறேன். இன்று திங்கள். தம்பி காலையில் வந்தான், காலி அட்டையைக் கொடுத்தான், புது அட்டையை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனான். எழுதவே மறந்துவிட்டேன்.